ஒரு வாளி

ஒரு வாளிதானே, பன்னிரண்டாயிரம் லிட்டரில் ஒரு வாளி எந்த மூலைக்கு என்று கோகிலவாணி அன்று காலையில் எத்தனையாவது தடவையாகவோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கன்றுகளுக்கான பால்மாவைச் சுடுதண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். கை அதன்பாட்டுக்குக் கலக்கியது. ஆண்டவன் அவளுக்குக் கொடுத்த சௌகரியம் அது ஒன்றுதான், தலைக்குள் கூரை பற்றி எரிந்தாலும் கை போகிற வேலைக்குப் போய்விடும். மணி எட்டே முக்கால். பால் லாரி பத்து மணிக்கு வரும். சில நாள் பத்தேகால், மழை நாளில் பத்தரை. இன்றைக்கு மழையில்லை. வந்த எட்டு மாதத்தில் வானம் இவ்வளவு துப்புரவாக வெளுத்து அவள் பார்த்ததே இல்லை, இன்றைக்கென்று பார்த்து வெளுத்திருந்தது, லாரிக்கு வழி விட்ட மாதிரி. வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்த மூன்று வயது தன்ஷிகா, அளவில் பெரிய ரப்பர் பூட்ஸை ஆட்டிக்கொண்டு, "அம்மா, என்ற கையை அறுவத்தெட்டு நக்குது" என்றாள். அறுபத்தெட்டு ஒரு கன்றுக்குட்டி. இந்தப் பண்ணையில் மாட்டுக்குப் பேர் கிடையாது, காதில் தொங்குகிற மஞ்சள் தகட்டில் நம்பர்தான். அதைக் கேட்டதிலிருந்து வாணியின் மாமியாருக்கு மனசே ஆறவில்லை. செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை போனில் வந்துவிடுவார்: "ஏம் அம்மணி, அறுநூறு மாட்டுக்கும் பேரு வைக்க முடியாட்டிப் போவுது, ஒரு பத்துக்காச்சும் வைக்கக் கூடாதா? நம்பரச் சொல்லிக் கூப்புட்டா அது திரும்பிப் பாக்குமாக்கும்?" பார்க்கிறது அத்தை, அதுவும் பழகிக்கொள்கிறது என்று வாணி சிரிப்பாள். நியூசிலாந்தின் தெற்குக் கோடி இது. இதுக்கப்புறம் வெறும் பனிக்கட்டிதான் புள்ள, இதத் தாண்டி ஓட எடமில்லை என்று வந்த அன்றைக்கே புருஷன் லோகநாதன் சொன்னான். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னான். இப்போது கலக்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஓட இடமில்லை. திரும்பிப் போக மட்டும் இடமிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அவள் அந்தப் பக்கம் போயிருக்கவே வேண்டியதில்லை. கன்றுக் கொட்டாயிலேயே சுடுதண்ணீர்க் குழாய் இருக்கிறது, அதில் தண்ணீர் மெதுவாக வரும் என்பதற்காகப் பால் கொட்டாய்க்குப் போனாள். அவசரம், எப்போது பார்த்தாலும் அவசரம், அடுப்பில் சோறு வேறு இருந்தது. லோகு கறவை முடிக்கிற நேரம். வட்டமாகச் சுற்றுகிற மேடையில் மாடுகள் ஏறி நிற்கும், மிஷின் கறக்கும், பால் குழாய் வழியாகப் போய்ப் பக்கத்து அறையில் இருக்கிற பெரிய ஸ்டீல் டேங்கில் விழும். மேல்காட்டுப் புல்வெளியில் ஒரு மாடு கன்று போட முடியாமல் படுத்துவிட்டது என்று முதலாளி ராஸ் சத்தம் போட்டதும், லோகு போட்டது போட்டபடி பைக்கை முடுக்கிக்கொண்டு பறந்தான். ஆள் போன பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். டேங்க் அறை வாசலில், தரையில், ஒரு வாளி நிறையப் பால். நுரைகூட அடங்கவில்லை. மூடி இல்லை. யாராவது இடறினால் கொட்டிவிடும், நாய் வந்து வாய் வைக்கும். பாவம், ஓடுகிற ஓட்டத்தில் ஊற்ற மறந்துவிட்டார் என்று நினைத்தாள். நினைத்தாளா? அதுதான் இப்போது எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை. நினைத்த ஞாபகம் இல்லை, தூக்கின ஞாபகம்தான் இருக்கிறது. வாளியின் காது உள்ளங்கையில் அழுந்தியது, மூன்று படி ஏறினாள், டேங்கின் மூடி எதிர்பார்த்ததைவிட லேசாகத் திறந்தது, பால் பாலில் விழுகிற அந்தக் கனமான சத்தம். ஒரு சொட்டு படியில் தெறித்தது. அதைக் குனிந்து விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவள் அப்பா செய்கிற மாதிரி. பால் கீழே சிந்தினால் மிதிக்கமாட்டார் அவர், சிந்தினவர்களையும் சும்மா விடமாட்டார். வாளியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். ஏதாவது ஒரு வேலையை அரைகுறையாக விட்டிருக்கக் கூடாதா? கழுவாமல் விட்டிருந்தாலாவது லோகு பார்த்துக் கேட்டிருப்பான். அந்தக் கொடுமையை விடப் பெரிய கொடுமை, படியிறங்கி வரும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணமே இல்லாமல் ஒரு நிறைவு. இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் முதல் தடவையாக, இது யாருடையதோ என்று தோன்றவில்லை. நம் வீட்டுப் பால் வீணாகாமல் பார்த்துக்கொண்டோம் என்றுதான் தோன்றியது. நம் வீட்டுப் பால்! அடியே, உன் வீட்டுப் பாலா அது?

காலையில் கறவை முடித்துத் தோசைக்கு உட்கார்ந்த லோகுதான் சிரித்துக்கொண்டே சொன்னான். "நேத்து அந்தச் செவப்புப் பட்டை மாட்டுப் பாலை ராஸே சாக்கடையில ஊத்தி, வாளியையும் கழுவிக் கவுத்தி வச்சிருக்காரு. நல்ல மனுசன் புள்ள. வேற மொதலாளியா இருந்தா வாசல்லயே நிக்க வச்சு வாங்கியிருப்பான்."

"எந்த மாட்டுப் பாலுங்?"

"இருநூத்தி நாப்பத்தேழு. மடி வீங்கி ஊசி போட்டிருக்கமல்ல. காலுல செவப்புப் பட்டை கட்டியிருந்தா அதத் தனியாக் கறந்து கீழ ஊத்தோணும். ஊசி மருந்து பாலுல எறங்கியிருக்கும். டேங்குல ஒரு சொட்டு உழுந்தாலும் அத்தனையும் போச்சு. சட்னி இன்னுங் கொஞ்சம் வை."

சட்னி வைத்தாள். தேங்காய் அரைத்தது கொஞ்சம் கரகரவென்று இருந்தது என்பதைக்கூடக் கவனித்தாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு ஆற்றோரக் காட்டில் மின்வேலி மாற்றப் போன பிறகுதான், அவன் சொன்னதன் பொருள் ஈரத்துணி மாதிரி அவள்மேல் வந்து ஒட்டியது. வந்த முதல் வாரமே ராஸ் அவர்கள் இரண்டு பேரையும் தன் சமையலறை மேஜையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, நிதானமாகச் சொன்னார், லோகு அவளுக்குத் தமிழில் சொன்னான்: தப்பு எல்லாரும் பண்ணுவோம். லாரி வருவதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் பால், கீழே திறந்துவிட்டுவிடலாம். லாரி எடுத்துக்கொண்டு போன பிறகு தெரிந்தால் அது வேறு விஷயம், லாரியில் இருக்கிற மற்ற பண்ணைகளின் பாலும் சேர்ந்து கெட்டுப்போகும். அப்புறம், வாணி கன்றுகளைப் பார்த்துக்கொள்ளட்டும், அவர் மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கும், ஆனால் டேங்க் அறைக்குள் அவள் காலெடுத்து வைக்கக் கூடாது. அவளுடைய விசாவில் புருஷனோடு குடியிருக்கலாம் என்றுதான் இருக்கிறது, வேலை பார்க்கலாம் என்று இல்லை. இரண்டே இரண்டு சொன்னார் மனுசன். பத்துக் கட்டளை போட்டிருந்தால் ஒன்று தவறியது என்று சொல்லலாம். வைகாசியில் லோகு ஒரு கேட்டைச் சரியாகக் கொக்கி மாட்டாமல் வந்து, நாற்பது மாடு தார் ரோட்டுக்குப் போய்விட்டது. மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மனுசனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராஸ் கோபப்படாமல் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். இன்னொரு தடவை நடந்தால் வேலையில் வைத்திருக்க முடியாது என்று அதில் இருந்தது. விசா நீட்டிப்புக் காகிதம் இப்போது அவர் மேஜையில்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார். இன்றைக்குப் புதன்.

பத்துக் காம்பு வைத்த தொட்டியில் பாலை ஊற்றினாள். கன்றுகள் முட்டி மோதிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டன, பத்து வாலும் ஒரே தாளத்தில் ஆடியது. தினமும் இதைப் பார்க்கிறபோது அவளுக்குச் சிரிப்பு வரும். இன்றைக்கும் வந்தது, பாதியில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. இதையெல்லாம் அவள் தேடிப் போகவில்லை. வந்த புதிதில் மூன்று மாதம் அழுதாள், அழுவதென்றால் உட்கார்ந்து அழ நேரமில்லை, பாத்திரம் துலக்கிக்கொண்டே, துணி பிழிந்துகொண்டே அழுதாள். அப்புறம் ஒரு நாள் துணிக்கயிற்றில் லோகுவின் சட்டையை மாட்டினபோது, கடல் பக்கத்துக் காற்று அதை உப்பவைத்து ஆள் மாதிரி ஆட்டியது. தன்ஷிகா அந்தச் சட்டைக்கு வணக்கம் வைத்தாள். அன்றைக்கு ஒரு பாட்டம் சிரித்தார்கள். அதுதான் ஆரம்பம் என்று தோன்றுகிறது. அப்புறம் ரோட்டில் போகிறவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார்கள், தெரிந்தவர் தெரியாதவர் என்று இல்லை, யாராக இருந்தாலும். முதலில் ஏதோ கெட்ட வார்த்தை என்று பயந்தாள். அது இந்த ஊர்க்காரர்கள் வைக்கிற கும்பிடு என்று தெரிந்த பிறகு, அவளும் நடந்து போகும்போது ஒரு விரலைத் தூக்க ஆரம்பித்தாள். அப்புறம் சீம்பால். கன்று போடுகிற இந்தப் பருவத்தில் சீம்பால் பீப்பாய் பீப்பாயாக நிற்கிறது, அண்டை வீட்டாரிடம் ஒரு போசி கேட்டு வாங்குகிற பண்டமா அது! வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து ராஸுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். சந்தேகத்தோடு கரண்டியை விட்டவர், கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் வேலியோரம் நின்று "வாணி, புட்டிங்?" என்கிறார். ஒரு மனுசர் தன் கையால் செய்ததைக் கேட்டு வாங்கித் தின்கிற இடத்தில் எப்படி அந்நியமாக இருக்க முடியும்? அப்படித்தான், ஒரு சட்டை, ஒரு விரல், ஒரு கிண்ணம் என்று, அவளுக்கே தெரியாமல் காலுக்கடியில் தரை வந்துவிட்டது. தரை வந்ததால்தான் வாளியைத் தூக்கினாள். அந்நியமாகவே இருந்திருந்தால், எவன் வீட்டுப் பாலோ எனக்கென்ன என்று தாண்டிப் போயிருப்பாள். பயந்து பயந்து இருந்த மூன்று மாதமும் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. இது என்ன கணக்கு என்று ஆண்டவனிடம்தான் கேட்க வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். அவ்வளவு பாலில் ஒரு வாளி எங்கே போய்த் தெரியப் போகிறது? தெரியும். லாரியில் வருகிறவள் முதலில் டேங்கிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் பால் எடுத்து மூடி வைப்பாள். அதில் பண்ணையின் நம்பர் இருக்கும். ஒரு சொட்டு உழுந்தாலும் அத்தனையும் போச்சு. சொட்டு என்று சொன்னாரே, வாளி என்று சொல்லவில்லையே. சரி, தெரிந்தால்? ராஸ் கூப்பிடுவார். லோகு போய் நிற்பான். நான் ஊற்றலைங்க, சாமி சத்தியமா ஊற்றலைங்க என்பான். பின்னே யார் ஊற்றினது? கறவை உன்னுடையது, வாளி உன்னுடையது. இந்த இடத்துக்கு வந்ததும் வாணியின் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சேலை முள்ளில் மாட்டின மாதிரி நின்றது. ஏனென்றால் அதற்கப்புறம் நடக்கப்போவது அவளுக்குத் தெரியும். அவன் நம்பிவிடுவான். ராஸ் நம்புவாரோ இல்லையோ, லோகு தன்னையே குற்றவாளி என்று நம்பிவிடுவான். வைகாசியில் அந்தக் கேட்டைத் திறந்து போட்டதிலிருந்து அவன் பழைய லோகு இல்லை. ஒரு கொக்கியை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறான். படுத்தவன் எழுந்து உட்கார்ந்து, "தண்ணிக் குழாயை மூடுனனா புள்ள?" என்கிறான். மூடுனீங்க, நானே பாத்தனுங்க என்று சொன்னால்தான் படுக்கிறான், அவள் பார்த்தே இருக்கமாட்டாள், சும்மா சொல்லுவாள். போன மாதம்தான் ஒரு நாள் கேட்காமலேயே தூங்கினான். அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தது அவளுக்கு இந்த ஊரில் கிடைத்த சுகங்களில் பெரிய சுகம். இப்போது இந்த வாளியும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்தால், ஓடுகிற அவசரத்தில் நான்தான் ஊற்றியிருப்பேன், எனக்கே ஞாபகமில்லை என்று அவனே சொல்லிவிடுவான். எந்த ஊருக்குப் போனாலும், எத்தனை வருஷம் ஆனாலும், தன் கையையே நம்பாத ஒரு மனுசனாக அவன் அலைவான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருப்பாள். டேங்க் அறைக்குள் போனதைச் சொன்னால் இந்த வீடு போகும். சொல்லாவிட்டால் அந்த மனுசன் போவான், வீடும் சேர்ந்து போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் யோசித்தாள். தெரியாமலும் போகலாமே. ஒரு வாளிதானே.

ஒன்பதே கால். முதலில் அவனிடம் சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்துக் கூப்பிட்டாள். பக்கத்திலிருந்த வீட்டுக்குள்ளேயே, ஜன்னல் திட்டின்மேல் அவனுடைய போன் அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது அடித்து ஓய்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஆற்றோரக் காட்டுக்கு நடந்தால் போக அரைமணி, வர அரைமணி, பிள்ளையை வேறு தூக்க வேண்டும். சரி, ராஸையே பார்ப்போம். அவருக்கு என்ன சொல்வது? ஐ புட் மில்க். மில்க் நாட் குட். ஆறாம் வகுப்பில் மயில்சாமி வாத்தியார் இங்கிலீஷ் புத்தகத்தை எல்லாரையும் ஒரே குரலில் படிக்கச் சொல்லுவார், யார் படிக்கிறார்கள் யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, வாணிக்கும் தெரியாது. வாயை அசைத்தே அந்த வருஷம் பாஸ் ஆனாள். இப்போது தனிக்குரலில் சொல்ல வேண்டும். ஐ புட். யெஸ்டர்டே. அப்போதுதான், அவள் வாய்க்குள் மென்றுகொண்டிருந்தபோதே, ராஸின் வண்டி மண்பாதையில் வந்தது. நாய் பின்னால் நின்றுகொண்டிருந்தது. இதோ வருகிறார், கையைக் காட்டு, நிறுத்து. வண்டி கொட்டாயைத் தாண்டும்போது ராஸ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். வாணியும் தூக்கினாள், ஒரு விரல். கை அதன்பாட்டுக்கு எழுந்துவிட்டது. வண்டி போய்விட்டது. புழுதி அடங்குகிறவரைக்கும் அந்த விரல் காற்றில் நின்றது. பின்னால் தன்ஷிகாவும் தன் குட்டி விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "மாமா போயிட்டாரு" என்றாள்.

அதற்கப்புறம் ஒன்பதரை எப்படிப் போனது, ஒன்பதே முக்கால் எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த பட்டியிலிருந்த கன்றுகளுக்குப் பால் ஊற்றினாள், ஒன்றுக்குக் கழிச்சல் கண்டிருந்தது, அதைத் தனியாகப் பிரித்துக் கட்டினாள். வைக்கோல் உதறிப் போட்டாள். இதை உதறிப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு பக்கம் தோன்றியது, கன்று ஈரத்தில் படுக்கக் கூடாதல்லவா என்று இன்னொரு பக்கம் கை உதறிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனால் என்ன? ஒன்றும் செத்துவிடமாட்டோம். லோகு மறுபடி யாருடைய நூல் மில்லிலாவது நிற்பான். தன்ஷிகா நான்கு நாளில் இதையெல்லாம் மறந்துவிடுவாள். மூன்று வயதில் எது நிற்கும்? அவளுக்கு இந்தக் கொட்டாய் நிற்காது, வழவழவென்று கையை நக்குகிற நாக்கு நிற்காது, சட்டைக்கு வணக்கம் வைத்தது நிற்காது. இருந்தோம் என்பதற்கே ஒரு சாட்சி இருக்காது. அழக்கூட வரவில்லை. அழுகை வருவதற்குக் கொஞ்சம் நம்பிக்கை வேண்டியிருக்கிறது போலிருக்கிறது, யாராவது வந்து தேற்றுவார்கள் என்று. அப்போது தூரத்தில், சாலை திரும்புகிற இடத்தில், லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. பத்து அடிக்க ஐந்து நிமிஷம். இன்றைக்கென்று முன்னாலேயே வருகிறது பாரு என்று நினைத்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். தூக்கின பிறகுதான், போவதென்று முடிவு செய்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

லாரி ஓட்டுகிறவள் டீனா என்ற வாட்டசாட்டமான பெண். எப்போதும் தன்ஷிகாவுக்கு ஒரு பிஸ்கட் வைத்திருப்பாள். இன்றைக்கும் இறங்கியதும் பிஸ்கட்டை நீட்டி, "ஹலோ டார்லிங்" என்றுவிட்டு, குப்பியோடு டேங்க் அறைப் படியேறப் போனாள். வாணி போய் அவளுக்கும் படிக்கும் நடுவில் நின்றாள். நைட்டிக்கு மேலே லோகுவின் கம்பளிச் சட்டை, காலில் சாணி பூட்ஸ், இடுப்பில் பிஸ்கட் கடிக்கிற பிள்ளை. "நோ" என்றாள். "மில்க் பேட். ஐ புட். ரெட் லெக் கவ்." தன் காலைத் தூக்கி, கணுக்காலைச் சுற்றி விரலால் ஒரு பட்டை வரைந்து காட்டினாள். "ஒன் பக்கெட். ஐ." மார்பில் தட்டிக்காட்டினாள். "லோகு நோ. லோகு நாட் நோ." டீனா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள், வாணியின் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள், போனை எடுத்து ராஸைக் கூப்பிட்டாள்.

ராஸ் வந்து கேட்டது மூன்றே கேள்வி. எப்போது? நேற்றுச் சாயங்காலம். எந்த மாடு? இருநூற்று நாற்பத்தேழு. உள்ளே போனது யார்? நான். அவர் அவளைப் பார்த்தார், கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். "தேங்க் யூ, வாணி" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும், எல்லாம் முடிந்துபோயிற்று என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பால் ஏற்றாமலே லாரியை டீனா திருப்பிக்கொண்டு போனாள். ராஸ் டேங்கின் அடிக்குழாயைத் திறந்தார். பால் மதகு திறந்த மாதிரி சிமெண்ட் தரையில் விழுந்து, அகலமாகப் பரந்து, சாக்கடையைப் பார்த்து ஓடியது. அத்தனையும் வடிய முக்கால் மணி நேரம் ஆகுமாம். வாணி ஓரமாக ஒதுங்கி நின்றாள். தன்ஷிகா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள்.

லாரி வந்த வேகத்தில் திரும்புவதைப் பார்த்துவிட்டு லோகு பைக்கில் வந்தான். பாலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான், இவள் இந்தப் பக்கம். ராஸ் அவனிடம் போய் இங்கிலீஷில் தணிந்த குரலில் பேசினார். லோகு தலையாட்டினான், மறுபடி தலையாட்டினான். ராஸ் டேங்க் அறைக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். எட்டு மாதத்தில் அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அவர் போனதும் வாணி கேட்டாள்.

"என்ன சொன்னாருங்?"

"கன்னு போடற காலம் முடியட்டும்னாரு. இன்னும் அஞ்சு வாரம். அதுக்கப்புறம் காயிதத்துல கையெழுத்துப் போட முடியாதுன்னுட்டாரு. உன்னைய உள்ள உட்டது அவருக்கே தொந்தரவாப் போயிருமாம்."

பால் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டான்.

"லாரி வெரசாத் திரும்பறதப் பாத்ததும், நாந்தான் எதையோ மறந்து தொலைச்சுட்டேன்னு நெனச்சுட்டே வந்தேன் புள்ள."

"நீங்க இல்லீங். நானுங்."

"தெரியுது." ஒரு பெருமூச்சு விட்டான். அதில் நிம்மதி இருந்தது, இருந்ததற்காக அவனுக்கு வெட்கமும் இருந்தது, இரண்டும் அவன் முகத்தில் அவளுக்குத் தெரிந்தது. "எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல."

"போனை ஊட்டுல வச்சுட்டுப் போயிட்டீங்க."

"கெடைச்சிருந்தா?"

"சொல்லியிருப்பனுங்."

"சொல்லியிருந்தா நான் வாய மூடிட்டு இருன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியுமுங்" என்றாள் வாணி.

அவன் அந்தப் பக்கமே நின்றான், இவளும் கடந்து போகவில்லை, இரண்டு பேருக்கும் பாலில் கால் வைக்க வரவில்லை. தன்ஷிகா மட்டும் நட்டநடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பூட்ஸ் காலால் சளக் சளக்கென்று குதித்தாள். வெள்ளையாகத் தெறித்தது. இன்னொரு தடவை குதித்தாள். அவளுக்கு மூச்சு முட்டச் சிரிப்பு வந்தது, "அப்பா, பாருங்கப்பா, பாலு! எவ்ளோ பாலு!" லோகு அவளை அதட்ட வாயெடுத்து வாணியைப் பார்த்தான். வாணி வேண்டாம் என்று தலையசைத்தாள். பிள்ளைப் பக்கம் திரும்பி, "பூட்ஸுக்குள்ள போயிரப் போவுது, பாத்துக் குதி சாமி" என்றாள்.